ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இங்கிலாந்து டிரிம் கிட்: எது தேறும், எது தேறாது

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பிக்கிறவர்கள் இங்கிலாந்து டிரிம் கிட்டை, அதாவது வண்டியின் உள்அலங்காரப் பாகங்களின் தொகுப்பை, வாங்கலாமா? முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ரூஃப் லைனிங் (கூரையின் உள்துணி), கதவுச் சட்டத்தில் மாட்டும் துணி பீடிங், கிளிப்புகள் ஆகிய மூன்றையும் இங்கிலாந்திலிருந்து வரவழையுங்கள்; கொடுக்கிற காசுக்குத் தகும். இரண்டு கதவு வண்டி என்றால் டோர் பேடும் (கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்ஸின் போர்த்திய பலகை) வாங்கலாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. கார்பெட்டும் கியர்பாக்ஸ் மூடும் அட்டையும் வேண்டாம். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கிட்டின் டோர் பேட் பக்கமே போக வேண்டாம்.

டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் அதே வண்டியை 948 சிசி இன்ஜினோடு சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. இரு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால்தான் இன்றும் இங்கிலாந்தில் தயாராகும் ஹெரால்டு டிரிம் கிட் நம் வண்டிக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையோடு ஆர்டர் போடுகிறார்கள். பாதி சரி. அங்கே ஹெரால்டு சலூன் இரண்டு கதவு வண்டியாக மட்டுமே வந்தது. நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும் செய்யப்பட்டது. அதன் பின்கதவுக்கு அங்கே பேட் என்ற ஒன்றே கிடையாது. முன்கதவும் நீளம் குறைவு என்பதால் இரண்டு கதவு வண்டியின் பேடை வெட்டிப் பொருத்தப் பார்த்தால் ரெக்ஸினில் உருக்கி அழுத்திய அலங்காரக் கோடுகள் நடுவில் அறுபட்டு அசிங்கமாகத் தெரியும்.

கிட்டில் பொதுவாக வருபவை: இரண்டு டோர் பேட், பின்சீட்டின் இருபுறமும் நிற்கும் பக்கப் பலகைகள், முன்னால் கால் வைக்கும் இடத்தின் பக்க அட்டைகள், பின்கண்ணாடிக்குக் கீழே வரும் ஷெல்ஃப். லைனிங், கார்பெட், சீட் கவர் எல்லாம் தனித்தனி விலை. எதை வாங்கினாலும் ஒரே ஆர்டரில் வாங்குங்கள். ரெக்ஸினின் நிறமும் சொரசொரப்பும் பேட்ச்சுக்கு பேட்ச் மாறும். இந்த வருடம் பேட், அடுத்த வருடம் சீட் கவர் என்று தவணையாக வாங்கினால் வெயிலில் நிறுத்தும்போது வித்தியாசம் கண்ணில் குத்தும்.

ரெக்ஸின் வேலைப்பாட்டில் கிட்டுக்கு ஈடு இல்லை. பழைய பேடில் தெரியும் அழுத்தக் கோடுகள் தையல் அல்ல. உயர் அதிர்வெண் மின்சாரத்தில் ரெக்ஸினை உருக்கி ஒட்டிய கோடுகள். நம் குஷன் கடைகளில் அந்த இயந்திரம் அரிது, அதனால் அதே கோட்டைத் தையலாகப் போட்டுத் தருவார்கள். தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். கதவைத் திறந்து உட்காரும்போது தெரிந்துவிடும். மேலும் ஒவ்வொரு தையல் துளையும் ஈரம் உள்ளே போக ஒரு வழி.

குறை இருப்பது பலகையில். கிட்டின் அட்டை பெரும்பாலும் 3 மி.மீ. ஹார்ட்போர்டு, பின்பக்கம் பூச்சே இல்லாமல் வரும். கதவின் உள்ளே எப்போதும் தண்ணீர் இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. கண்ணாடியை ஒட்டி நிற்கும் ரப்பர் பட்டை மழையை முழுதாகத் தடுப்பதில்லை. வழிகிற நீர் கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஈரக்காற்று பூச்சில்லாத ஹார்ட்போர்டில் பட்டால் கீழ் விளிம்பு முதலில் உப்பும், பிறகு கிளிப் மாட்டும் துளை கிழியும், பேட் அடியில் வாய் பிளக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலமே போதும்.

எனவே கிட் வந்ததும் முதல் வேலை பலகையைச் சீல் செய்வது. ரெக்ஸினைப் பிரிக்கத் தேவையில்லை. பின்பக்கம் முழுக்க பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட், விளிம்பிலும் கிளிப் துளைகளின் உள்சுவரிலும் மூன்று கோட். முதல் கோட்டில் கால் பங்கு தின்னர் கலந்தால் பலகை நன்றாக உறிஞ்சும். கைப்பிடிக்காகத் துளை போட்டபின் அந்தத் துளையின் ஓரத்துக்கும் மறக்காமல் ஒரு பூச்சு கொடுங்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பேடை உள்ளூரில் செய்பவர்களுக்குப் பலகைத் தேர்வு முக்கியம். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 3 மி.மீ. கனத்தில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 4 மி.மீ. எளிதாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம்: கிளிப்பின் கழுத்து 3 மி.மீ. பலகைக்காகச் செய்தது; கனம் கூடினால் கிளிப் சாய்ந்து நிற்கும், துளையில் நேராக இறங்காது. 4 மி.மீ. தான் கையில் இருக்கிறது என்றால் கிளிப் உட்காரும் இடங்களில் மட்டும் பின்பக்கம் 1 மி.மீ. சீவிவிடலாம். விளம்பரப் பலகை செய்யும் வெள்ளை ஃபோம் பிவிசி ஷீட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீர் பயம் இல்லை என்பது உண்மை. ஆனால் மே மாத மதியத்தில் கண்ணாடி ஏற்றி மூடிய வண்டிக்குள் அடர்நிறப் பேட் எவ்வளவு சூடாகும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் பிவிசி இளகி, இரண்டு கிளிப்புக்கு நடுவே அலை அலையாக வளைந்துவிடும்.

ஃபோம் விஷயத்தில் குஷன் கடைக்காரரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். மெத்து மெத்தென்று இருக்கட்டும் என்று ரெக்ஸினுக்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. ஃபோம் வைக்கப் பார்ப்பார்கள். ஹெரால்டின் கதவுக் கைப்பிடியும் கிளாஸ் ஹேண்டிலும் ஸ்க்ரூவில் நிற்பதில்லை. கதவிலிருந்து நீட்டி நிற்கும் தண்டின் குறுக்கே செல்லும் ஒரு சின்ன லாக் பின்னில் நிற்கின்றன. பேட் கனத்தால் தண்டு உள்ளே அமுங்கிப் போகும், லாக் பின்னுக்கான துளை வெளியே வராது. ஃபோம் 4 அல்லது 5 மி.மீ. போதும், ஹேண்டில் வட்டம் உட்காரும் இடத்தில் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கிளிப் துளைகளைக் குறிப்பதில் ஒரு விதி: ஒரு கதவின் அளவை இன்னொரு கதவுக்கு எடுக்காதீர்கள். கிட்டின் பலகையில் துளைகள் முன்கூட்டியே போட்டிருக்கும். வண்டியின் கதவோ டிங்கரிங்கில் பட்டி பூசி, உள்தகடு மாற்றி, துளைகள் சில அடைபட்டு, சில புதிதாக முளைத்து நிற்கும். கனமான டிரான்ஸ்பரன்ட் பாலித்தீனைக் கதவில் டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு துளையின் மையத்தையும் மார்க்கரால் குறித்து, அந்தத் தாளைப் பலகையின் பின்னால் திருப்பி வைத்துப் பாருங்கள். 2 மி.மீ. வித்தியாசம் என்றால் பலகையின் துளையைச் சற்று நீட்டலாம். 5 மி.மீ. தாண்டினால் நீட்ட வேண்டாம், பலகை பலவீனமாகும். பழைய துளையை எபாக்சியால் அடைத்துப் புதிதாகப் போடுங்கள். கதவில் பெயின்ட் அடைத்த துளைகளைப் பவர் டிரில்லால் குடைய வேண்டாம். டிரில் பிட்டைக் கையால் திருகினால் பெயின்ட் மட்டும் உரியும். உரிந்த விளிம்பில் பிரஷ்ஷால் ப்ரைமர், காய்ந்ததும் கொஞ்சம் மெழுகு. கதவின் உள்துரு பெரும்பாலும் இந்தத் துளைகளில்தான் தொடங்குகிறது.

கிளிப்புகள் கிட்டோடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலர் தனியாகத்தான் விற்கிறார்கள். கதவில் உள்ள துளைகளை எண்ணி, ஐந்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் இன்றைய கார்களின் பிளாஸ்டிக் கிளிப் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். துளை விட்டத்துக்குச் சரியாக இருந்தால் அது நன்றாகவே பிடிக்கும், பெயின்டையும் கீறாது. ஆனால் தலை கனமாக இருப்பதால் பேட் கதவோடு ஒட்டாமல் தூக்கி நிற்கும். ஸ்பிரிங் கம்பி கிளிப்பே சரி. மாட்டுமுன் அதன் கால்களைத் துரு தடுக்கும் எண்ணெயில் முக்கி எடுங்கள்.

பேடை மாட்டுமுன் கதவில் பாலித்தீன் ஷீட். இது இல்லாமல் மாட்டிய பேடுக்கு ஆயுள் கிடையாது. 200 மைக்ரான் ஷீட் போதும். ஓரங்களைச் சாதாரண டேப்பால் ஒட்டக் கூடாது; பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வேண்டும், வெயிலில் கசியாமல் பிடித்து நிற்கும். முக்கியமான இடம் அடிப்பகுதி. ஷீட்டின் கீழ் நுனி பேடுக்கும் கதவுக்கும் நடுவில் தொங்கினால் வழிகிற நீர் நேராகப் பேடின் காலில் போய் இறங்கும். நுனியை உள்தகட்டின் கீழ்த் திறப்பு வழியாகக் கதவின் வயிற்றுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் நீர் அடித்துளைக்குப் போகும்.

அடுத்து பேட், அதன் பிறகு கைப்பிடி. வரிசை இதுதான்: தண்டின் மேல் சுருள் ஸ்பிரிங், அதன் மேல் பேட், பிறகு வட்டத் தட்டு, கைப்பிடி, கடைசியாக லாக் பின். வட்டத் தட்டை பேடோடு அழுத்தினால் கைப்பிடிக் கழுத்தின் துளை வெளியே தெரியும். கூர்மையான ஊசி ஒன்றை விட்டுத் தண்டின் துளையோடு நேர்செய்து, மறுபக்கத்திலிருந்து லாக் பின்னைத் தள்ளினால் ஊசி வெளியேறி, லாக் பின் உள்ளே உட்காரும். பின் விரலிலிருந்து நழுவி விழாமலிருக்க நுனியில் ஒரு துளி கிரீஸ். கையை எடுத்ததும் ஸ்பிரிங் வட்டத் தட்டை வெளியே தள்ளிப் பின்னை மூடிவிடும். தட்டு அப்படி வெளியே வரவில்லை என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. புதிது போடுங்கள், இல்லையேல் ஓடும்போது பின் கழன்று விழும். கண்ணாடி முழுதும் ஏறிய நிலையில் கிளாஸ் ஹேண்டில்கள் இரு கதவிலும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பின்னைப் போடுங்கள்.

இனி ரூஃப் லைனிங். கிட் தயாரிப்பவர்களின் திறமை முழுதாகத் தெரிவது இங்கேதான். கூரையின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, துணியைத் தாங்கும் கம்பிகள் நுழையும் உறைகளைச் சரியான இடைவெளியில் தைத்துத் தருகிறார்கள். பழைய லைனிங் பொடிந்துபோய் அளவு எடுக்க முடியாத வண்டியில் இதை உள்ளூரில் கண்மதிப்பாகத் தைத்தால் சுருக்கம் நிச்சயம்.

ஹெரால்டில் ஒரு பெரிய வசதி உண்டு. கூரை பாடியோடு வெல்டு செய்ததல்ல, போல்ட்டில் நிற்பது. ரெஸ்டோரேஷனில் எப்படியும் கழற்றுவோம். அதைத் தலைகீழாக, கம்பளி விரித்த மேசையில் வைத்து லைனிங் போட்டால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோக வேண்டியதில்லை, பசையும் முகத்தில் சொட்டாது. பெயின்ட் முடிந்த அவசரத்தில் கூரையைப் பூட்டிவிட்டுப் பிறகு உள்ளே படுத்துக்கொண்டு லைனிங் போடுவது தேவையே இல்லாத தண்டனை. பின்கண்ணாடி கூரையில் இருப்பதால் அதுவும் லைனிங் முடிந்த பிறகுதான் ஏற வேண்டும். துணியின் ஓரம் ரப்பருக்கு அடியில் போகிறது.

கழற்றும்போதே கம்பிகளுக்கு முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று டேப்பில் எழுதி, இடது வலதும் குறித்துவிடுங்கள். ஒவ்வொன்றின் வளைவும் வேறு. மாற்றி மாட்டினால் எவ்வளவு இழுத்தாலும் துணி படியாது. துரு பிடித்த கம்பியை அப்படியே நுழைத்தால் ஓர் ஆண்டுக்குள் துணியில் பழுப்புக் கோடு எழும். தேய்த்து, ப்ரைமர் அடித்து, காயவிட்டு நுழைக்க வேண்டும். கூரைத் தகட்டின் உள்பக்கம் பழைய சாக்கு ஃபெல்ட் இருந்தால் எடுத்தெறியுங்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். 3 முதல் 5 மி.மீ. மூடிய அறை ஃபோம் (குளோஸ்டு செல், தண்ணீரை உறிஞ்சாதது) ஒட்டினால் வெப்பமும் மழைச் சத்தமும் குறையும். கூரை வழியாக ஒயர் போவதானால் இப்போதே இழுத்து, நுனியை டேப்பால் கட்டிவிடுங்கள். சன் வைசர், பின்னால் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றின் ஸ்க்ரூக்களைப் பாதி திருகியே விட்டு வைத்தால் துணி போர்த்திய பின் துளையைத் தேட வேண்டியிருக்காது.

துணியை வெயிலில் அரைமணி நேரம் விரித்துப் போட்டால் மடிப்பு இளகும். துணியிலும் கூரையிலும் நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டு, நடுக் கம்பியிலிருந்து தொடங்குங்கள். முன்னால் இழுத்து கிளிப் போட்டு நிறுத்தி, பின்னால் இழுத்து நிறுத்தி, கடைசியாகப் பக்கங்கள். காகிதம் செருகும் கருப்பு பைண்டர் கிளிப் இதற்கு நன்றாக உதவும். பக்கத்தில் கம்பி உறையின் நுனி ஓரம்வரை தைத்திருப்பதால் அங்கே துணி சுண்டி நிற்கும். உறையை மட்டும் ஒவ்வொரு முறையும் 5 மி.மீ. அளவில் வெட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் துளை வெளியே தெரியும், பிறகு மருந்தே இல்லை. முழுதும் கிளிப்பில் நின்று சுருக்கமில்லாமல் இருந்தால் மட்டும் பசையை எடுங்கள். மிஞ்சிய துணியை மறுநாள் வெட்டலாம். சின்னச் சுருக்கங்களை அன்றே ஹாட் ஏர் கன்னால் துரத்த வேண்டாம். ஒருநாள் கழித்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்துக் காட்டினால் பாதி தானே போய்விடும்.

பசை பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிட் நன்றாக இருந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் இதனால். குஷன் கடைகளில் புழங்கும் மஞ்சள் ரப்பர் சொல்யூஷன் துணிக்கும் ஃபோமுக்கும் சரி. பிவிசி ரெக்ஸினுக்கு அது நீண்டநாள் தாங்காது. ரெக்ஸினை வளையும்படி வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் சூட்டில் மெல்லக் கசிந்து பசைக்குள் இறங்கி அதைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். இழுவிசையில் இருக்கும் ஓரம் பிரியும். அந்த எண்ணெயைத் தாங்குவது பாலியூரித்தேன் பசை. செருப்பு, ஷூ தொழிலில் இதுதான் நடைமுறை என்பதால் சென்னையில் பெரியமேட்டிலும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமும் ஷூ மெட்டீரியல் கடைகளில் பியூ பேஸ்ட் என்று கேட்டால் தருவார்கள். இரு பக்கமும் மெல்லிய பூச்சு, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி அழுத்த வேண்டும். சூடு காட்டாமல் ஒட்டினால் பியூ பசையின் முழுப் பிடிப்பு வராது.

எந்தக் கரைப்பான் பசையானாலும் மழை நாளில் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படியும்; பசை பால்போல வெளுத்தால் அதுதான் அடையாளம். அப்படி வெளுத்த பசை ஒட்டியதுபோலக் காட்டிவிட்டு ஒரு வாரத்தில் உரியும். வெளுத்துவிட்டால் லேசாகச் சூடு காட்டி உலர்த்தி, இன்னொரு பூச்சு கொடுத்துத் தொடருங்கள். கதவு, ஜன்னல் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது.

கார்பெட்டைப் பொறுத்தவரை கிட்டின் தையல் நேர்த்தி, நிறமும் சரி. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லக் காரணம் வண்டியின் அமைப்பு. ஹெரால்டின் பாடி ஒரே துண்டல்ல. தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு நிறுத்தியது. துண்டுகள் சேரும் இடத்தில் சீல் கொஞ்சம் தளர்ந்தாலும் தரை நனையும். கிட்டின் கார்பெட்டோடு வரும் ஃபெல்ட் அந்த நீரைப் பிடித்து வைத்து, புதிதாக வெல்டு செய்த தரையை மேலிருந்து தின்னும். இங்கே கிடைக்கும் சிந்தெடிக் கார்பெட்டை, அடியில் மூடிய அறை ஃபோம் வைத்து, ஒட்டாமல், பிரஸ் பட்டனில் நிற்கும்படி குஷன் கடையில் தைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் தூக்கிக் காயவைக்கலாம். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் கனம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் முழுதும் இறங்குகிறதா என்று கார்பெட் விரித்த பிறகு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் மேல் வரும் டன்னல் கவர் அசலில் அழுத்திய நார் அட்டை. கீழிருந்து கியர்பாக்ஸ் சூடும் எண்ணெயும், பக்கத்திலிருந்து தரை ஈரமும் சேர்ந்து அதை அப்பளமாக நொறுக்கும். அசலைப் போலவே வேண்டும் என்று மறுபடி அட்டையே வாங்குவதில் பொருளில்லை, கார்பெட் மூடிய பின் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் கிளாஸ் கவர் வாங்குங்கள். புதிய கவரின் துளைகள் தரையின் துளைகளோடு ஒத்து வரும் என்று நம்பாமல், கார்பெட் தைக்கக் கொடுக்கும் முன்பே வைத்துப் பார்த்துத் துளை போட்டுவிடுங்கள். சுற்றிலும் ஃபோம் பட்டை வைத்து இறுக்கினால்தான் இன்ஜின் சூடும் புகையும் உள்ளே வராது.

ரூஃப் லைனிங் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது தண்ணீர்ச் சோதனை. வேறு டிரிம் எதுவும் இல்லாத நிலையில், கண்ணாடிகள், கதவு ரப்பர்கள் மட்டும் மாட்டி, ஹோஸ் பைப்பால் கால்மணி நேரம் நனைக்க வேண்டும்; உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து கசிவைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். கார்பெட் போட்ட பின் கசிவு கண்டுபிடிப்பது மிகக் கடினம். அது முடிந்த பிறகு கதவுச் சட்ட பீடிங், கால்பக்க அட்டை, டன்னல் கவர், கார்பெட், பின்பக்கப் பலகை, டோர் பேட், சீட் என்ற வரிசையில் போனால் ஒன்றை மாட்ட இன்னொன்றைக் கழற்ற வேண்டியிருக்காது. பீடிங்கின் உள்ளே இருக்கும் இரும்புப் பற்கள் மூலையில் விரியாமல் இருக்க, வளைவில் மட்டும் ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வையுங்கள்.

வாசல்படியில் வரும் அலுமினியப் பட்டையைக் கடைசியாக, அதுவும் இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்துங்கள். கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கதவின் அடித்துளைகளில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டினால், மறுநாள் பேடின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பட்டையின் மீதி ஸ்க்ரூக்களையும் இறுக்கிவிடலாம். சொட்டவில்லை என்றால் அடித்துளை பட்டியால் அடைபட்டிருக்கிறது, கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.